உதைக்காத துப்பாக்கி கேட்டவர்கள்

ஷாட்கன் சுடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ரொம்ப உதைக்குமா?" என்றுதான். அதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள், கார் நிறுத்தும் இடத்திலிருந்தே வலது தோளைத் தடவிக்கொண்டு வருவார்கள்.

சிங்கப்பூர் எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத செனாய்க்கு அந்தப் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் ஒரு கிளப்பில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. மெஷின் களிமண் தட்டை ஆகாயத்தில் வீசும், அதைச் சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மெஷினைப் பார்த்துக்கொள்வது ஹமீட். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்த மலாய்க்காரர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். அங்கே பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் தேடினேன். இங்கே மனிதர்கள் முகத்தில் பயம் தேடுகிறேன். கீறல் சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும்.

மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், அப்பாவுக்குக் கைப்பேசி பழக்கியவர்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு "நான் பிடிச்சிருக்கேன், விடமாட்டேன்" என்று பிள்ளையிடம் பொய் சொன்னவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே படகில் தண்ணீர் இறைக்கிறவர்கள்.

இருக்கிறதிலேயே லேசானது

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் பிரகாஷ், தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். மனைவி கவிதா, பள்ளி ஆசிரியை. கவிதாவுக்கு ஆசை, பிரகாஷுக்கு அறிவு. ஒரு வாரமாக வீடியோ பார்த்துத் தயாராகி வந்திருந்தார். "வைஃபுக்கு இருக்கிறதுலயே லேசான கன் குடுங்க பிரதர். கனமா இருந்தா தாங்கமாட்டாங்க" என்றார்.

எல்லாரும் செய்கிற தப்பு இது. தோட்டா பின்னுக்குத் தள்ளுகிற வேகத்தைக் கனமான துப்பாக்கி தன் எடையாலேயே கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். லேசான துப்பாக்கி அப்படியே தோளுக்கு அனுப்பிவிடும். எங்களிடம் உள்ளதிலேயே கனமான ஒன்றைக் கவிதாவிடம் கொடுத்தேன். சுட்ட புகையின் அழுத்தத்திலேயே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை அது. உதை, குத்து மாதிரி வராமல் தள்ளு மாதிரி வரும். தோட்டாவும் ஈயம் குறைவானதாகப் பார்த்துப் போட்டேன். பிரகாஷுக்குச் சமாதானம் ஆகவில்லை. "அப்ப அந்த லேசானதை நானே ட்ரை பண்றேன்லா" என்று சுவரில் இருந்த மெல்லிய பழைய துப்பாக்கியைக் கேட்டார். உதைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

கவிதா பத்துத் தோட்டா சுட்டு நான்கு தட்டு உடைத்தார். முதல் நாளுக்கு அது அதிகம். பிரகாஷ் நான்காவது தோட்டாவோடு துப்பாக்கியை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, கைப்பேசியில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல ஓரமாகப் போனார். அவர் தோளை அழுத்திக்கொள்வதைப் பார்த்துவிட்டு, காதை மூடியிருந்த சத்தத்தடுப்பு மஃபைக் கழற்றிக்கொண்டே கவிதா என்னிடம் சொன்னார்:

"அந்த வீடியோவெல்லாம் அவரு நல்லாத்தான் பாத்தாரு சார், தோளு மட்டும்தான் பாக்கல."

வலிக்காது

டாக்டர் தேவராஜா அரசாங்கத்தில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். சட்டையை எப்போதும் பேண்டுக்குள் விட்டிருப்பார், சொன்னதைச் சொன்னபடி செய்வார். இடது காலை முன்னே வைக்கச் சொன்னால் வைப்பார், உடம்பை முன்னால் சாய்க்கச் சொன்னால் சாய்ப்பார். நிற்கிற அழகைப் பார்த்தால் பரிசே கொடுக்கலாம். ஆனால் ஒரு தட்டும் உடையவில்லை. மூன்று வாரமாக ஒன்றுகூட இல்லை. "உதை எனக்குப் பிரச்சினை இல்லை, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம் அவரிடம் சொல்லாமல், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத டம்மி ஒன்றைப் போட்டேன். தட்டை வீசச் சொல்லி அவர் ஆங்கிலத்தில் "புல்" என்று கத்தினார், தட்டு பறந்தது, விசையை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். துப்பாக்கி சும்மா இருந்தது, டாக்டர்தான் துள்ளினார். கண்ணை இறுக மூடி, தோளைப் பின்னால் இழுத்து, குழல் முனை தரையைப் பார்க்கிற அளவுக்குத் துள்ளினார். வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துவிட்டது. இது எல்லாருக்கும் நடக்கும் டாக்டர், நிறுத்தி நிறுத்திப் பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம்கூட வலிக்காது என்று சொன்னேன்.

அவர் துப்பாக்கியைத் திறந்து டம்மியை வெளியே எடுத்து, பிடுங்கின பல்லைப் பார்ப்பதுபோல விரல் நடுவே வைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"முப்பது வருஷமா நானும் 'வலிக்காது, வாயைத் திறங்க'ன்னு சொல்லிட்டு இருந்தேன் தம்பி, ஒருத்தராவது நம்பியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?"

கன்றிப்போன தோள்

மகேஸ்வரி செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையைத் தோளெலும்புக்கு உள்பக்கமாக இருக்கிற சின்னக் குழியில் பொருத்த வேண்டும். அங்கேதான் சதை இருக்கிறது. கொஞ்சம் நகர்ந்து கைமேல் உட்கார்ந்தால் கன்றிப்போகும். அன்றைக்கு எனக்கு இன்னொரு குழு வந்துவிட்டது. "இன்னும் பத்து சுட்டுக்கறேண்ணே" என்றார், சரி என்று விட்டுவிட்டேன். கட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அது என் தப்பு.

அடுத்த வாரம் அவர் கணவர் ரவி தனியாக வந்தார். அதே தொழிற்சாலையின் பஸ் ஓட்டுகிறவர், சாது. "அண்ணே, எனக்கு ஒரு லெட்டர் குடுங்க" என்றார். என்ன லெட்டர்? "இந்தத் தோள் துப்பாக்கியால ஆனதுன்னு." விஷயம் இதுதான். வேலை உடுப்பு மாற்றும்போது மகேஸ்வரியின் தோளிலும் மேல்கையிலும் நீலமாக இருந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். தொழிற்சாலை கிளினிக் நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறார். ஷாட்கன் சுடப் போனேன் என்று மகேஸ்வரி சொன்னதை அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அன்று மாலை ரவியின் பஸ்ஸில் ஏறிய பெண்கள் யாரும் அவருக்கு வழக்கம்போல வணக்கம் சொல்லவில்லையாம்.

லெட்டர் கொடுத்தேன். நானே கிளினிக்குக்குப் போய் நர்ஸிடமும் சொல்லிவிட்டு வந்தேன். மகேஸ்வரி மறுபடி வந்தபோது ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். பெரிய ஜோக்காகிவிட்டது இல்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நர்ஸ் கேட்டதும் நான் சிரிச்சிட்டேண்ணே, ஆனா அவங்க சிரிக்கல, அந்த ரூம்ல இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே எத்தனை பேரு பொய் சொன்னாங்களோ."

ஒரு வீடியோ

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம். தீபாவளி விடுமுறைக்கு ஒரு குடும்பத்து இளைஞர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். கூட அவர்கள் அத்தை மகள் ஷர்மிளா, அப்போதுதான் படிப்பு முடித்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே சுட ஆசைப்பட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். பையன்களில் ஒருவன் என் காதருகே வந்து, "அண்ணே, அவளுக்கு அந்தப் பெரிய தோட்டாவா போடுங்க, சும்மா ஒரு சிரிப்புக்கு" என்றான். இன்னொருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தான். நான் புதுசு. வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். மெல்லிய துப்பாக்கியை எடுத்தேன், பெரிய தோட்டாவைப் போட்டேன். புதியவர்கள் எல்லாரையும் போல அவள் பின்னால் சாய்ந்து நின்றாள். அதையும் நான் திருத்தவில்லை.

சுட்டதும் இரண்டு அடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கட்டை கன்னத்தில் அடித்து உதடு கிழிந்தது. குழல் எங்கள் பக்கம் திரும்புவதற்குள் ஹமீட் பாய்ந்து வந்து அதைப் பிடித்து வானத்தைப் பார்க்கத் தூக்கினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடியோவில் இருக்கிறது, அப்புறம் யாரோ எனக்கே அனுப்பிவைத்தார்கள். ஹமீட் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்தப் பையனிடம் ஷர்மிளாவின் எண்ணை வாங்கி இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. வந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் முடியாது. அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அன்றைக்குத்தான். டிஷ்யூவை உதட்டில் அழுத்திக்கொண்டு, பையன்கள் பக்கம் திரும்பவே இல்லை, என்னை மட்டும் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

வாத்தியாருக்குப் பாடம்

போன வருஷம் என் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, சட்டை மாட்ட மனைவி வேண்டியிருந்தது. ஆறு மாதம் உதைக்கிற துப்பாக்கி பக்கமே போகாதீர்கள் என்றார் எலும்பு டாக்டர். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம், கிளப்பில் யாருமில்லாத நேரம், என் பழைய துப்பாக்கியை எடுக்கப் போனேன். ஹமீட் அதை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். புதியவர்களுக்குக் கொடுக்கிற கனமான துப்பாக்கியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அதோடு விட்டாரா? "முன் கால்ல எடை போடு. மூக்கு கால் கட்டை விரலுக்கு நேரா. கன்னத்த ஒட்டு. ஒட்டுன்னா ஒட்டு, முத்தம் குடுக்காத." நான் நாள் முழுக்கச் சொல்கிற அதே வார்த்தைகள், அதே வரிசையில்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஹமீட், இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே சுட்டேன், தட்டு போய் தோட்டத்துப் பக்கம் முழுசாக விழுந்தது. தோள் வலிக்கவில்லை. வலிக்கப்போகிறது என்று நான்தான் கன்னத்தைத் தூக்கியிருந்தேன். ஹமீட் அடுத்த தோட்டாவை நீட்டினார்.

"இத்தன வருஷம் நீ பேசிக்கிட்டு இருந்த குணா, இன்னைக்குத்தான் கேக்குற."

பெக்கோக்கிலிருந்து ஒரு கார்

பார்வதி அக்கா பெக்கோக் ஊரிலிருந்து பழைய 'கஞ்சில்' ரகச் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் லெட்சுமணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் தெளிவில்லை. அவர்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதிதாகச் செம்பனைக் கன்று நட்ட சமயம் பார்த்து அவர் படுத்துவிட்டார். காட்டுப்பன்றிகள் வரிசையாக வந்து கன்றுகளைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகின்றன. வேலி போட்டார்கள், தகர டின் கட்டித் தொங்கவிட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கணவர் பேரில் இருந்த துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தாகிவிட்டது. தன் பேரில் லைசென்ஸுக்கு மனுப் போட்டுவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். "என்னால முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிடுங்க தம்பி. மகன் நெலத்த வித்துடலாங்கிறான். சரின்னு சொல்லிடுறேன்" என்றார்.

முன்னால் சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். கணவர் புதிதாகத் துப்பாக்கி வாங்கினபோது, பன்றிக்குப் போடுகிற பெரிய தோட்டாவைப் போட்டு, "சும்மா அழுத்திப் பாரு" என்று கையில் கொடுத்திருக்கிறார். அக்கா போய் வாசல் கால்வாயில் விழுந்தார். அதற்கப்புறம் விசேஷத்துக்கு விசேஷம், சொந்தக்காரர்கள் கூடின இடத்திலெல்லாம், பார்வதி கால்வாயில் விழுந்த கதைதான். சொல்லும்போது அக்காவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் சுடவே விடவில்லை. காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மஃப், இரண்டும் மாட்டி, ஒரு கிளாஸ் மைலோ கொடுத்து, பின்னால் பெஞ்சில் உட்கார வைத்தேன். பயத்தில் பாதி காது வழியாகத்தான் உள்ளே போகிறது. மற்றவர்கள் சுடும்போதெல்லாம் அக்காவின் தோள் எகிறியது. அது அடங்கும்வரை காத்திருந்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு காலித் துப்பாக்கியைத் தோளில் பொருத்துவது மட்டும், திரும்பத் திரும்ப. இரண்டாவது தடவை வந்தபோது கனமான துப்பாக்கியில் சின்னத் தோட்டா ஒன்றே ஒன்று. தட்டும் கிடையாது, எதிரே இருக்கும் மண்மேட்டைப் பார்த்தால் போதும். அக்கா துப்பாக்கியைத் தூக்கினார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். கழுத்தில் வியர்வை ஓடுவது தெரிந்தது. விரல் விசைக்குப் போகவே இல்லை. "இன்னைக்கு வேணாம் தம்பி" என்று கீழே இறக்கினார். சரிக்கா என்று தோட்டாவை எடுத்துவிட்டேன். இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே வந்தார். அதே இடத்தில் நின்றார், தோளில் வைத்தார், சுட்டார். துப்பாக்கியைப் பிடித்தபடியே முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, "அவ்வளவுதானா?" என்றார். ஏமாந்துபோன குரலில் கேட்டார். அதன் பிறகு தட்டு பறக்கவிட்டோம். நேராகப் போகிற சுலபமான தட்டு. நான்காவது உடைந்தது. ஹமீட் மெஷின் பக்கத்திலிருந்து, "அலமாக், அக்கா!" என்று மலாயில் வியந்து கத்தினார். அன்றைக்குக் கிளம்பும் முன் இன்னொன்றும் சொன்னேன்: பன்றிக்கு இந்தத் தோட்டா போதாது, பெரியது போட வேண்டும், அது உதைக்கும். கனமான துப்பாக்கியாகப் பாருங்கள், கட்டையை உங்கள் கை நீளத்துக்கு வெட்டச் சொல்லி ரப்பர் மெத்தை போடுங்கள். பிறகு, உதைக்கும் என்று சொல்லியே, அந்தப் பெரிய தோட்டாவில் இரண்டைச் சுடவைத்தேன். அக்கா முகத்தைச் சுளித்தார், நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

லைசென்ஸ் வர மாதக்கணக்கில் ஆனது. அப்புறம் ஒரு காலையில் போன் வந்தது. விடியற்காலை தோட்டத்து மூலையில் நாலு பன்றி வந்ததாம், ஒன்று விழுந்ததாம், மற்றவை ஓடியவைதான், அந்தப் பக்கம் இன்றுவரை தலைகாட்டவில்லை. நிலத்தை விற்கிற பேச்சை மகன் விட்டுவிட்டான். "உதை?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் தெரியவே இல்லையாம். "அண்ணன் என்ன சொன்னாரு?" என்று அவர் கணவரைப் பற்றிக் கேட்டேன். வெடிச் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டு, சன்னலையே பார்த்தபடி காத்திருந்தாராம். அக்கா உள்ளே போனதும், நன்றாக இருக்கிற இடது கையை நீட்டி அக்காவின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா தொடர்ந்தார்:

"பதினெட்டு வருஷமா நான் பயந்தாங்கொள்ளின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி, தோட்டாதான் பெருசா இருந்திருக்கு."

ஆக, முதல் நாளன்று சுட வந்தவரும் சொல்லிக் கொடுக்கிறவரும் ஒரே துப்பாக்கிக்குப் பின்னால் சரிசமமாகப் பயந்துகொண்டுதான் நிற்கிறோம், இரண்டு பேர் காதிலும் மஃப் இருக்கிற புண்ணியத்தில் ஒருவர் நெஞ்சு அடித்துக்கொள்வது மற்றவருக்குக் கேட்பதில்லை.